டேங்குக்குப் போகும் அரிசி

பெட்ரோலில் எத்தனால் கலப்பது நாட்டுக்கும் உழவருக்கும் காற்றுக்கும் ஒருசேர நல்லது என்பதில் இன்று பெரிய கட்சி வேறுபாடு இல்லை. மத்திய அரசு அதைச் சாதனைப் பட்டியலில் முன்வரிசையில் வைத்திருக்கிறது. தெலங்கானாவில் முன்பு ஆண்டவர்கள் ஆலைகளை வரவேற்றார்கள். இப்போது ஆள்கிறவர்கள் ஊர் கொதித்த இடத்தில் வேலையை நிறுத்திவைக்கிறார்கள், கொள்கையைத் தொடுவதில்லை. ஹைதராபாத் பக்கம் அல்வாலில் பங்க் வரிசையில் நிற்கிறவர்கூட மைலேஜ் குறைகிறதே என்று முணுமுணுத்துவிட்டு, "போகட்டும், ரைத்துக்குத்தானே (உழவருக்குத்தானே) போகிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். ரைத்துக்குப் போகவில்லை என்பதே என் வாதம். நாட்டுக்கும் காற்றுக்கும்கூடச் சொல்லிக்கொள்கிற அளவு போகவில்லை.

எதிர்த்தரப்பை அதன் வலுவோடு சொல்லிவிடுகிறேன். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2013-14ல் பெட்ரோலில் 1.53 விழுக்காடாக இருந்த எத்தனால் 2025ல் 20ஐத் தொட்டது. 2030க்கு வைத்த இலக்கு ஐந்தாண்டு முன்பே கைகூடியது. பதினோரு ஆண்டுகளில் 1.36 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம், உழவர்களுக்கு 1.18 லட்சம் கோடி, கரியமில வாயுவில் 698 லட்சம் டன் குறைவு என்று 2025 ஜூலையில் பெட்ரோலியத் துறை கணக்குக் கொடுத்தது. சர்க்கரை ஆலைகள் கரும்புப் பாக்கியை முன்பைவிட வேகமாகத் தீர்த்தன, உண்மைதான், மறுக்கவில்லை. கிடங்கில் கிடந்து வீணாகும் அரிசிக்கு வழி பிறந்தது, வடித்தபின் எஞ்சும் சக்கை தீவனமாகிறது என்றும் சொல்கிறார்கள். இத்தனை நன்மையும் ஒன்றாகச் சேர்ந்தால் யார் எதிர்ப்பார்கள்? சேர்கிறதா என்று பார்ப்போம்.

1. மிச்சம் பிடித்த பணம் எங்கே?

பதினோரு ஆண்டுக்கு 1.36 லட்சம் கோடி. பெரிய தொகைதான். ஆனால் சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா ஒரே ஆண்டில் கொடுப்பது ஏறக்குறைய அதே தொகை. 2024-25ல் அதையும் தாண்டியது. பாமாயில், சோயா, சூரியகாந்தி எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் கப்பலில் வருகிறது. பருப்பு வேறு. எண்ணெய் வித்தும் பருப்பும் விளைய வேண்டிய மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் ஏறிக்கொண்டிருக்கிறது. 2025 காரிப் பருவத்தில் நாட்டில் மக்காச்சோளப் பரப்பு கூடியது, சோயா பரப்பு சுருங்கியது. வண்டிக்கு ஊற்றும் எண்ணெயை மிச்சம் பிடித்து, வாணலிக்கு ஊற்றும் எண்ணெயைக் கூடுதலாக வாங்குவதற்குத் தற்சார்பு என்றா பெயர்?

மக்காச்சோளம் யூரியாவை அள்ளித் தின்னும் பயிர். அல்வாலை ஊடுருவிப் போகும் ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலை போய்ச் சேரும் இடம் ராமகுண்டம். அங்கே 2021ல் மறுபடி ஓடத் தொடங்கிய உர ஆலைக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. நாட்டின் யூரியா ஆலைகள் எரிக்கும் வாயுவில் பெரும்பங்கு இறக்குமதி. அது போதாமல் யூரியாவே மூட்டையாகவும் இறங்குகிறது. அப்படியும் 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் தெலங்கானா முழுக்கக் கூட்டுறவு சங்க வாசல்களில் வரிசை. விடியுமுன்னே வந்து, செருப்பையும் பட்டாதார் பாஸ்புக்கையும் தரையில் வரிசையாக வைத்து இடம்பிடித்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கச்சா எண்ணெயாக வராமல் தடுத்தது எல்என்ஜி வாயுவாகவும் யூரியாவாகவும் உள்ளே வந்தால், மிச்சக் கணக்கிலிருந்து அதைக் கழிக்க வேண்டாமா?

2. ரைத்துக்கு விலை வந்ததா?

2025-26ஆம் ஆண்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கிய சுமார் 1,048 கோடி லிட்டர் எத்தனாலில் மக்காச்சோளத்தின் பங்கு கிட்டத்தட்ட 46 விழுக்காடு. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வாசலில் நின்றால் விலை எகிற வேண்டும். 2025 அறுவடையில் நடந்தது வேறு. ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். கர்நாடகச் சந்தைகளில் உழவர் கைக்கு வந்தது 1,600, 1,800. சாலையில் உட்கார்ந்தார்கள். முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தெலங்கானாவில் மாநிலக் கொள்முதல் அமைப்பான மார்க்ஃபெட் இறங்கி வாங்க வேண்டியதாயிற்று.

காரணம் மறைவானதல்ல. அந்த ஆண்டுக்கு ஆலைகள் தர முன்வந்தது 1,776 கோடி லிட்டர். வேண்டியிருந்தது 1,050 கோடி. வட்டிச் சலுகை கொடுத்து ஆலைகளைப் பெருக்கினார்கள். எத்தனாலுக்கு விலையை அரசே நிர்ணயித்து ஆலைக்காரருக்கு உறுதி தந்தார்கள். மக்காச்சோளத்தை ஆதரவு விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அவர்களுக்கு இல்லை. உறுதி நடுவில் இருப்பவருக்கு, சூதாட்டம் நிலத்தில் இருப்பவருக்கு.

விலை ஏறிய ஆண்டில் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். 2024ல் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அதை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடானது. மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கினோம். முட்டை உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனம். நாமக்கல்லில் இருந்து சித்திப்பேட்டை வரை கோழிப்பண்ணைக்காரர்கள் வரியில்லாமல் இறக்குமதிக்கு அனுமதி கொடுங்கள் என்று டெல்லியில் நின்றார்கள். சரி, சக்கை தீவனமாகிறதே? ஆகிறது. டிடிஜிஎஸ் என்ற அந்தச் சக்கை மலிவாகச் சந்தையில் குவிந்ததும் சோயாப் புண்ணாக்குக்குக் கிராக்கி விழுந்தது. 2024-25ல் சோயாவின் ஆதரவு விலை 4,892. சந்தை அதற்குக் கீழேயே கிடந்தது. அடிலாபாத், நிர்மல் பக்கம் கரிசலில் சோயா போட்டவர் ரைத்து இல்லையா?

3. கிடங்கில் வீணாகும் அரிசிதானே?

படித்தவர்கள் அதிகம் நம்புகிற வாதம் இது. ஆகவே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பழுதான தானியம் எத்தனால் கொள்முதலில் தனி இனம். அதற்குத் தனி விலை. இங்கே பேசுவது இந்திய உணவுக் கழகத்தின் நல்ல அரிசியை. விலைவாசிக்குப் பயந்து 2023 ஜூலையில் ஆலைகளுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு திறந்துவிட்டு 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள். ரேஷனில் தலைக்கு மாதம் 5 கிலோ என்று வைத்தால், அது எட்டரைக் கோடிப் பேருக்கு ஓராண்டு அரிசி. தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம்.

என்ன விலைக்குக் கொடுத்தார்கள்? 2025 ஜனவரியில் குவிண்டால் 2,800லிருந்து 2,250 ரூபாயாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு நெல்லின் ஆதரவு விலை 2,300. நெல்லை வாங்கி, அரைத்து, உமி தவிடு போக நூறுக்கு அறுபத்தேழு கிலோ அரிசி எடுத்து, சாக்கில் கட்டி, லாரியிலும் ரயிலிலும் ஏற்றி, கிடங்கில் காவல் போட்டு வைத்திருந்து, கடைசியில் நெல்லைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். கழகத்துக்கு ஒரு கிலோ அரிசியின் அடக்கச் செலவு நாற்பது ரூபாயை ஒட்டி. விற்பது இருபத்திரண்டரைக்கு. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2.2 கிலோ அரிசி வேண்டும். ஆக லிட்டருக்கு 38 ரூபாய் பக்கம் பொதுப்பணம் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. இதன்மேல் எண்ணெய் நிறுவனம் கொடுக்கும் 58.50 ரூபாயைக் கூட்டுங்கள். பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு சக்தியே உள்ள ஒரு திரவத்துக்கு லிட்டருக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு ரூபாய். 52 லட்சம் டன்னையும் எடுத்தால் மறைமுக மானியம் 9,000 கோடி ரூபாயைத் தாண்டும்.

வைத்திருந்தால் அதுவும் நட்டம்தானே என்பார்கள். வைத்திருக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? 2022 ஏப்ரலில் தெலங்கானா முதல்வர் டெல்லியில் போய்த் தர்ணா உட்கார்ந்தது எங்கள் நெல்லை வாங்குங்கள் என்றுதான். தேவைக்கு மேல் நெல் விளைகிறது, அதைக் குறைத்துச் சிறுதானியம், பருப்பு, நிலக்கடலைக்கு நகர வேண்டும் என்ற பேச்சுக்கு அப்போது ஒரு நெருக்கடி இருந்தது. இன்று அந்த நெருக்கடிக்கு ஆலை வழியாக ஒரு வடிகால் வெட்டிவிட்டார்கள். அல்வாலை அடுத்த லோத்துகுண்டா பக்கம் மாலையில் தெருவோரம் ஜொன்ன ரொட்டெ என்ற சோள ரொட்டி தட்டும் பெண்களிடம் சர்க்கரை நோயாளிகள் கூட்டமாக நின்று வாங்குகிறார்கள்; ஒரு காலத்தில் இந்த மேட்டு நிலத்தின் சோறே சோளம்தான். உண்ணக் கேட்கும் சோளத்துக்கு இல்லாத அளவு கொள்முதல், எரிக்கப் போகும் அரிசிக்கு இருக்கிறது.

4. தண்ணீரை யார் கணக்கில் எழுதுவது?

நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர், நாட்டின் பாசன நீரில் 70 விழுக்காட்டைக் கரும்பும் நெல்லும் குடிக்கின்றன. எச்சரிக்கையை எழுதியவர்களே இலக்கையும் வைத்தார்கள். கொள்முதலில் தானியத்தின் பங்கு முக்கால்வாசியைத் தொடுகிறது, ஆகவே கரும்புப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். அந்தத் தானியத்தில் அரிசி மட்டும் மொத்தத்தில் 22 விழுக்காடு.

தெலங்கானாவில் நெல்லுக்குத் தண்ணீர் சும்மா வருவதில்லை. ஒன்று, போர்வெல்; அதற்காக 2018 ஜனவரியிலிருந்து விவசாயத்துக்கு 24 மணி நேர இலவச மின்சாரம். மற்றொன்று, கோதாவரி நீரை மேலேற்றும் காளேஸ்வரம் திட்டம். மேடிகட்டா அணையின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர். அல்வாலிலிருந்து இதே ரஹதாரியில் போய்க் கிளைச்சாலையில் திரும்பினால் வரும் கொண்டபோச்சம்மா சாகர் 618 மீட்டர். 2023 அக்டோபரில் மேடிகட்டாவின் தூண்கள் அமிழ்ந்துபோனது ஊரறிந்த கதை. அதை விட்டுவிட்டு எல்லம்பல்லி அணையிலிருந்து ஏற்றினாலும் 470 மீட்டர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ அரிசிக்கு 3,000 லிட்டர் என்றால், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 6,600. பாதி மழை தந்தது என்று தள்ளிவிடுவோம். மீதி 3,000 சொச்சம் லிட்டரை 500 மீட்டர் ஏற்ற, நல்ல மோட்டாராக இருந்தாலும், 5 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய சக்தி 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மின்சாரமும் பெரும்பாலும் நிலக்கரியில் வந்தது. ஒரு யூனிட் எடுக்க மூன்று யூனிட் வெப்பம் எரிய வேண்டும். எல்லா வயலுக்கும் கோதாவரி அவ்வளவு உயரம் ஏறி வருவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இது கடைக்கோடி நிலை. ஆனால் உழவு, உரம், அரவை, லாரி, ஆலைக் கொதிகலன் எதையும் நான் இன்னும் கூட்டவே இல்லை. சிங்கரேணி நிலக்கரியை எரித்துத் தண்ணீரை மலையேற்றி, நெல் விளைத்து, அதை வடித்து, பசுமை என்று பெயரிட்டு வண்டியில் ஊற்றுகிறோம்.

5. காற்று எவ்வளவு சுத்தமாயிற்று?

698 லட்சம் டன் என்ற எண்ணை அப்படியே ஏற்போம். பதினோரு ஆண்டுக்கு அது. ஆண்டுக்கு அறுபத்துச் சொச்சம் லட்சம் டன். இந்தியா ஓராண்டில் வெளியேற்றும் கரியமில வாயு சுமார் 300 கோடி டன். அதில் இது ஐந்நூறில் ஒரு பங்கு. பெட்ரோலைவிடக் கரும்பு எத்தனால் 65 விழுக்காடும் மக்காச்சோள எத்தனால் 50 விழுக்காடும் குறைவாக வெளியிடுகிறது என்று அமைச்சகம் எடுத்துக்காட்டுகிறது. அரிசிக்கு? நீர் தேங்கிய நெல்வயல் மீத்தேன் வெளியிடுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். யூரியா போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. அமெரிக்கா தன் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்கு விடுகிறது. புதிதாக உழுத நிலத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்த எத்தனால் பெட்ரோலைவிடக் குறைந்தது 24 விழுக்காடு மோசம் என்று 2022ல் அந்நாட்டு அறிவியல் அகாதமியின் இதழில் வந்த ஆய்வு சொன்னது. நமக்கு அதைவிடக் குறைந்த விளைச்சல், அதைவிடக் கூடுதலாக இறைத்த தண்ணீர்.

6. ஒரு ஏக்கரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

கொள்கை வகுக்கிறவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். ஏக்கருக்கு 25 குவிண்டால் மக்காச்சோளம். குவிண்டாலுக்கு 38 லிட்டர். 950 லிட்டர் எத்தனால், பெட்ரோல் கணக்கில் 630 லிட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் போகும் ஸ்கூட்டர் 31,500 கிலோமீட்டர் ஓடும். அதே ஏக்கரில் சூரியத் தகடு பதித்தால் ஆண்டுக்கு 3 லட்சம் யூனிட். மின்சார ஸ்கூட்டர் யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் என்று குறைத்தே வைப்போம், 75 லட்சம் கிலோமீட்டர். மக்காச்சோளத்தை இரண்டு போகம் போட்டாலும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதற்கு வயலும் வேண்டாம், கூரை போதும். இன்று ஓடும் வண்டிகள் பெட்ரோல் வண்டிகளாயிற்றே என்றால், சரி. நாளைக்கும் அவையே ஓட வேண்டும் என்று வங்கிக் கடனில் ஆலை கட்டுவதுதான் தவறு.

தரிசில் போடலாமே என்ற பழைய பாட்டை நினைவுள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். 2003ல் திட்டக் குழு காட்டாமணக்கைக் கொண்டாடியது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ஹெக்டேர் என்று கிளம்பினார்கள். வறண்ட நிலத்தில் தண்ணீர் இல்லாமல் காய்க்கும் என்றார்கள், காய்க்கவில்லை. காட்டாமணக்கு போட்ட தென்னிந்திய உழவர்கள் 106 பேரைச் சந்தித்த ஓர் ஆய்வில் 85 விழுக்காட்டினர் அதைக் கைவிட்டிருந்தார்கள். இங்கே பட்டான்செருவில் இக்ரிசாட் நிறுவனம் இனிப்புச் சோளத்தை முன்வைத்தது. நல்ல யோசனை: கதிர் வீட்டுக்கு, தட்டை ஆலைக்கு. 2007ல் அன்றைய மெதக் மாவட்டத்தில் ருஸ்னி ஆலை அதில் எத்தனால் வடிக்கத் தொடங்கியது. வெட்டிய தட்டையை உடனே பிழியாவிட்டால் சர்க்கரை கெட்டுப்போகும், அறுவடைக் காலமோ சில வாரம். ஆலை நிலைக்கவில்லை. நல்ல யோசனைக்கே இந்த கதி.

7. ஊரைக் கேட்டார்களா?

எத்தனால் கலப்புத் திட்டத்துக்கென்றே வரும் ஆலைகளை 2021ல் சுற்றுச்சூழல் அனுமதியின் பி-2 பட்டியலில் இறக்கினார்கள். அந்தப் பட்டியலுக்குப் பொது விசாரணை கிடையாது. கேட்காத ஊர் சாலைக்கு வந்தது. நாராயணபேட்டையில் சித்தனூர், 2024 நவம்பரில் நிர்மல் மாவட்டத்துத் திலாவர்பூர், 2025 ஜூனில் கத்வாலில் பெத்த தன்வாடா. பஞ்சாபில் ஜீரா ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆலையை மூடவைத்தார்கள். திலாவர்பூரில் நெடுஞ்சாலையை மறித்த பெண்கள் கேட்டது நிலத்தடி நீரைப் பற்றி. அவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று எழுதிய தலையங்கக்காரர்கள் ஆலை வாசலில் ஒரு வாரம் குடியிருந்து எழுதட்டும்.

பயிரிலிருந்து வரும் எரிபொருள் எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கடைசிப் பாகிலிருந்து வடிக்கட்டும். பானிப்பட்டில் 2022ல் தொடங்கிய ஆலை நெல் வைக்கோலிலிருந்து வடிக்கிறது. அங்கே வைக்கோல் இல்லாவிட்டால் வயலில் எரியும். அல்வாலுக்குப் பக்கத்திலேயே போயின்பள்ளி காய்கறிச் சந்தையில், அழுகிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையுமாக நாளொன்றுக்குப் பத்து டன் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரமும் சமையல் வாயுவும் எடுக்கும் ஆலை இருக்கிறது. ஹைதராபாத் ஐஐசிடி ஆய்வகத்தின் தொழில்நுட்பம். 500 யூனிட் பெரிய அளவு இல்லை. ஆனால் அதற்காக யாரும் உழவில்லை, யூரியா வாங்கவில்லை, கோதாவரியை மலையேற்றவில்லை.

20ஐத் தாண்டி 27, 30 என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அதற்கு முன் மூன்று காரியம் நடக்க வேண்டும். உணவுக் கழகத்தின் அரிசி ஆலைக்குப் போவதை நிறுத்த வேண்டும். பி-2 சலுகையை எடுத்துவிட்டு ஊர்மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். மைலேஜ் இழப்புக்கு ஈடாக இந்தக் கலப்பு பெட்ரோல் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கை சொன்னதை நிறைவேற்ற வேண்டும். 20 விழுக்காடு கலப்பில் பழைய கார்களுக்கு 6, 7 விழுக்காடும் இருசக்கர வண்டிகளுக்கு 3, 4 விழுக்காடும் மைலேஜ் குறையும் என்று எழுதியதும் அதே அறிக்கைதான். ஹைதராபாத்தில் பெட்ரோல் இன்னும் லிட்டர் 107 ரூபாய்க்கு மேல்.